கேட்க மறந்த ஓட்டு

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில், இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கு வணக்கம். ஐயா, இதில் வெடிகுண்டு எதுவும் இல்லை. ஒரு நாத்தனார் தன் அண்ணன் பெண்டாட்டிக்கு எழுதுகிறாள். அதைவிட ஆபத்து உண்டா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்களுக்கு. உங்களைப் பார்க்க அண்ணனை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். அவனோ, "அவகிட்ட இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு எங்கிட்ட வராதே. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு உதை வாங்க நான் என்ன பந்தா?" என்று கையை விரித்துவிட்டான். அதனால்தான் தபால்.

என் கோபம் தீரவில்லை. போராட்டப் பந்தலில் நான் கட்டிய கட்சிக் கொடியை அவிழ்த்து, அத்தனை பேர் முன்னாலும் டீப் பாத்திரம் துடைத்தீர்கள். மறுநாளே லாரி மறித்ததற்காக உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டையை முடிக்கக்கூட வழியில்லாமல் போயிற்று.

நீங்கள் போன பிறகு பந்தலைப் பிரித்தெறிந்தார்கள். நம் பெண்கள் இப்போது குப்பை எரிக்கும் ஆலையின் கேட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் அட்டைகளைப் போட்டு உட்கார்கிறார்கள். எரிப்பது முன்பு இரவில் மட்டும் நடந்தது, இப்போது பகலிலும் நடக்கிறது. துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோம். அண்ணனுக்கு டிப்போவில் மருத்துவப் பரிசோதனை வந்தது. நுரையீரல் பலம் பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்களாம். உள்ளே இருக்கும் பந்து மேலே எழவே இல்லை. பஸ் ஓட்டக் கூடாது என்று டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். "ஏசி ரூம்டி, ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறான். சாப்பிட உட்காரும்போதுகூட அவன் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். ஆலை நிற்கும் நிலம் நகரசபைக்குச் சொந்தம். குத்தகை மே மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று கை தூக்கப் போவது ஏப்ரலில் நாம் தேர்ந்தெடுக்கப் போகும் புது சபை. இரண்டு வருடம் கேட்டில் உட்கார்ந்தோம், லாரிக்கு முன்னால் படுத்தோம். அந்தக் கை தூக்கும் அறைக்குள் நம் ஆள் ஒருத்தர் உண்டா? அதற்காகத்தான் கட்சிக்குப் போனேன். கொடி அழகாக இருக்கிறது என்று போகவில்லை.

நம் வார்டுக்கு வேட்பாளர் பல் டாக்டர். கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவர், உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவரேதான். தேர்தல் வேலையைப் பார்க்கும் கட்சிப் பொறுப்பாளர் உங்கள் முகத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட வேண்டும் என்கிறார். அச்சடிக்கப் போவது நான் வேலை பார்க்கும் அச்சகம், மெஷினில் நிற்கப் போவது நான். உங்கள் சம்மதம் இல்லாமல் ஓட்ட மாட்டேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

கோபத்தோடும் அக்கறையோடும்,
நாத்தனார்

பிப்ரவரி 21

நாத்தனாருக்கு,

மாட்டேன்.

ஒரு வரி கேட்டாய், ஒரு சொல்லிலேயே முடித்துவிட்டேன். மீதித் தாள் வீணாகக் கூடாது என்பதற்காக மற்றதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் என்னை இங்கேயும் சலவைக்கே போட்டுவிட்டார்கள். அதே கொதிகலன், அதே ஈர மூட்டை, சம்பளம் மட்டும் இல்லை. என்னோடு பிடிபட்டவர்கள் கையெழுத்துப் போட்டு ஜாமீனில் போய்விட்டார்கள். புது சபை கூடும்வரை கேட் பக்கம் போக மாட்டேன், கூட்டத்தில் பேச மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது உன் அண்ணன் ஒருத்தன்தான். அவனுக்கு முட்டை வேகவைக்கத் தெரியும்.

அவன் ஊதிய கதையை என்னிடம் சொல்லவில்லை. ஏசி ரூம் என்று மட்டும் சொன்னான். நானும் சிரித்து அனுப்பினேன். உன் கடிதத்தில் படித்த அன்றைக்குச் சலவைக்கூடத்தில் ஒரு போர்வையை எத்தனை தடவை பிழிந்தேன் என்று எனக்கே தெரியாது.

போன சட்டமன்றத் தேர்தல் உனக்கு நினைவிருக்கிறதா? எல்லாக் கட்சியும் பந்தலுக்கு வந்தது. ஒரு வேட்பாளர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். மூக்கிலிருந்து எடுக்காத கையோடேயே காரில் ஏறினார். ஜெயித்தார். ஆலைக்கு இரண்டாவது உலை வந்தது. என் முகம் ஒரு தடவை ஓட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது, போதும்.

நமக்குத் தெரிந்த வேலை வேறு. முதல் மாதம் கையெழுத்து வாங்கப் போனபோது, பேனாவைப் பார்த்ததுமே "அவர் வீட்ல இல்லையே" என்று கதவைச் சாத்தினார்கள். பயம். ஆலையில் வேலை செய்கிறவர்களும் நம் தெருக்காரர்கள்தானே. அதற்குப் பிறகுதான் அந்த வழக்கத்தை வைத்தோம். வாசலில் எதையும் கேட்கக் கூடாது. உட்கார வேண்டும். அந்த வீட்டுக் கஷ்டத்தை விசாரிக்க வேண்டும். எழுந்து வந்துவிட வேண்டும். மறுபடி போக வேண்டும். 'நாங்க என்ன செய்யணும்' என்று அவர்களாகச் சொல்கிறவரை நாம் வாயைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் பந்தல் நிறைந்தது. உன் கட்சிக்காரர்களுக்கு அந்தப் பொறுமை உண்டா? ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊரைச் செவிடாக்குவார்கள்.

அறைக்குள் நம் ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் தாண்டிப் போகவில்லை. ஆனால் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

முகம் தராத,
அண்ணி

மார்ச் 6

அண்ணிக்கு,

பொறுப்பாளரிடம் சொன்னேன். "அவங்க ஜெயில்ல இருக்காங்க. மூஞ்சி மட்டும் வெளியில இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார். "அந்த மூஞ்சிக்கும் ஜாமீன் வேணாமாம்" என்றேன். முறைத்தார்.

உங்கள் மறுப்பை எடுத்துக்கொண்டேன், உங்கள் கடிதத்தில் இருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் வேண்டாம், கேட் பெண்கள் நம் முறைப்படி வீடு வீடாகப் போகட்டும் என்று சொன்னேன். பொறுப்பாளர் சிரித்தார். ஆனால் நம் வார்டில் கட்சி என்று சொல்லிக்கொள்ள இருப்பதே நாலு பேர். அதில் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

நம்மோடு கேட்டில் உட்காரும் சலவைக்கடை அக்காவும் நானும் பல் டாக்டரைக் கூட்டிப் போனோம். முதல் வாசலிலேயே டாக்டர், "பெருமதிப்பிற்குரிய வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். வாசலில் இருந்தது ஒரு அம்மாவும் ஒரு பூனையும். அக்கா அவர் முழங்கையைக் கிள்ளினார். "டாக்டர், வாயைத் திறன்னு நீங்க சொல்லியே பழக்கம். இன்னிக்கு மூடுங்க."

அடுத்த வீடு ஆலையில் உலைக்குள் குப்பை தள்ளுகிறவருடையது. இரண்டு வருடமாக நம்மைக் கண்டால் பாதை மாறிப் போவாரே, அவர். டாக்டர் உட்கார்ந்தார். என்ன விசாரிப்பது என்று தெரியவில்லை. தெரிந்ததைத்தானே பார்ப்பார், அந்த ஆளின் வாயைப் பார்த்தார்.

"கீழ் வரிசையில முன்பல் ரெண்டும் இல்லையே. விழுந்துட்டீங்களா?"

"விழலை டாக்டர். ஆலைக்கு வேலைக்குப் போனப்புறம் ஆட ஆரம்பிச்சுது. எங்க ஷிஃப்ட்ல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

"யாரும் சொல்லலையே?"

"யாரும் கேக்கலையே."

தெருமுனையில் டாக்டர் நின்றார். அப்புறம் சொன்னார்: "அந்த ஆலைக்காரங்களுக்கு நான் எத்தனை பல்லைப் பிடுங்கியிருப்பேன். ஏன் ஆடுதுன்னு ஒருத்தனை விசாரிச்சதில்லை. பிடுங்கினேன், பஞ்சை வெச்சேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்." அண்ணி, இந்த ஆளை நம்பலாமோ என்று எனக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

தினமும் இரண்டு தெரு. காலெல்லாம் கடுக்கிறது. வீட்டில் அண்ணன் முட்டை வேகவைக்கிறான், தினமும், வேறெதுவும் இல்லை.

நடந்துகொண்டே,
நாத்தனார்

மார்ச் 16

நாத்தனாருக்கு,

யாரைக் கேட்டு?

நம் பெண்களை ஒரு கட்சிக்காக அனுப்பியிருக்கிறாயே, நடைபாதையில் எல்லோரும் உட்கார்ந்து பேசினீர்களா? கேட்டில் டீக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுகூட வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவானது. நீயும் பொறுப்பாளரும் ஒரு மேசையில் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நம் முறை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். வாசலில் உட்காரும் பாதியை எடுத்துக்கொண்டாய், வட்டத்தில் உட்காரும் பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டாய். கட்சிகளும் இதைத்தான் செய்கின்றன. நம் கோஷம் வேண்டும், நம் கால் வேண்டும், நம் தொண்டை வேண்டும், நம் முடிவு மட்டும் வேண்டாம்.

பல் டாக்டரை நடைபாதைக்குக் கூட்டி வா. அட்டையில் உட்கார வை, நாற்காலி போடாதே. கட்சித் தலைமை குத்தகைக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னால் என்ன செய்வார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். கை தூக்கும் நாளுக்கு முன்னால் மறுபடி அங்கே வந்து உட்கார்வார் என்றும் சொல்லட்டும். அதற்குப் பிறகு வட்டம் சரி என்றால் போ. இல்லையென்றால் ஒரு தெருக்கூட வேண்டாம்.

என் அறையில் ஒருத்தி இருக்கிறாள். பிக்பாக்கெட் கேஸ், அதுதான் இங்கே அவளுடைய பெயரும். உன் கடிதங்களை வாங்கிப் படிக்கிறாள். "உன் நாத்தனா நல்லா எழுதுறா. ஆனா கட்சிக்காரனை நம்புறா பாரு. நான் பாக்கெட்ல இருந்ததைத்தான் எடுத்தேன். அவனுங்க மனசுல இருக்கிறதையே எடுத்துடுவானுங்க" என்கிறாள்.

அந்தப் பல் இல்லாத மனிதரை விட்டுவிடாதே. அவரிடம் எதையும் கேட்கவும் செய்யாதே. போய் உட்கார்ந்துகொண்டே இரு.

உள்ளே இருந்தாலும் வட்டத்தில் இருக்கும்,
அண்ணி

மார்ச் 30

அண்ணிக்கு,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். நீங்கள் சொன்னது சரி. வட்டத்தில் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். சலவைக்கடை அக்கா, "மன்னிப்பை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது, அந்த அட்டையை விரி" என்றார்.

டாக்டர் வந்தார், உட்கார்ந்தார். லாரி போகும்போதெல்லாம் அவர் வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழுந்தது. அக்காதான் ஆரம்பித்தார்.

"உங்க தலைவர் கை தூக்குன்னு சொன்னா?"

டாக்டர் சட்டையில் விழுந்த சாம்பலைத் தட்டினார். "தூக்க மாட்டேன்."

"கட்சியை விட்டுத் தூக்கிடுவாங்களே?"

"கிளினிக் இருக்குல்ல. ஊர்ல பல்லுக்கா பஞ்சம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் மட்டும் காருக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டாக்டருக்குக் கால் மரத்துப்போய் எழவே முடியவில்லை, நாங்கள்தான் தூக்கிவிட்டோம். அதற்கப்புறம் வட்டம் சரி என்றது.

இப்போது கெட்ட செய்தி. நேற்று பொறுப்பாளர் கட்சி ஆபீசில் உட்கார்ந்து, நாங்கள் போய்வந்த வீடுகளுக்குப் போன் போட்டுச் சோதித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்.

"எங்க ஆளுங்க வந்தாங்களாம்மா?"

"வந்தாங்களே. தங்கமான பிள்ளைங்க. சாக்கடை அடைப்பை விசாரிச்சாங்க, என் முட்டிவலியை விசாரிச்சாங்க."

"யாருக்கு ஓட்டுப் போடச் சொன்னாங்க?"

"ஓட்டா? அவங்க சாக்கடை டிபார்ட்மென்ட் இல்லையா?"

அடுத்த வீட்டில் ஒருவர்: "நான் இன்ஷூரன்ஸ் ஆளுங்கன்னு நெனச்சேன். மூணு தடவை வந்தும் எதையுமே விக்கலை. பாவம், வேலைக்குப் புதுசு போலன்னு நானும் என் வீட்டுக்காரியும் பேசிக்கிட்டோம்."

இன்னொரு வீட்டில், டாக்டர் வந்ததை இலவசப் பல் முகாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அண்ணி, வார்டு முழுக்க நடந்திருக்கிறோம். ஒரு வாசலிலும் ஓட்டுக் கேட்கவில்லை. ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, வேட்பாளரே கேட்கவில்லை. சின்னம் என்னவென்று யாருக்கும் தெரியாது. வாசலில் எதையும் கேட்காதே என்று இரண்டு வருடம் பழகிய நாக்கு. கேட்க வேண்டிய காலம் வந்ததும் எழவே இல்லை. பொறுப்பாளர் மேசையைக் குத்தினார். "நீங்க தேர்தல் வேலை பார்த்தீங்களா, துக்கம் விசாரிக்கப் போனீங்களா?"

இப்போது எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவர் நேராக அச்சகத்துக்கு வந்தார். செய்தித்தாளில் வந்த உங்கள் படம் அவர் கையில் இருந்தது. போலீஸ் உங்களைக் கையைப் பிடித்து இழுக்கும் படம், ஒரு கால் செருப்பில்லாமல், வாய் திறந்தபடி. முதலாளி வண்ணத்துக்கு ஒன்றாக நாலு அச்சு பிளேட்டுகளை என்னிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார். எங்கள் மெஷின் ஒரு நேரத்தில் ஒரு வண்ணம்தான் அடிக்கும். மஞ்சள் ஓட்டினேன், முகம் என்றே தெரியவில்லை. சிவப்பு ஓட்டினேன், வாய் வந்தது. நீலம் ஓட்டினேன், இழுக்கிறவர்களின் கைகள் வந்தன. கறுப்பு விழுந்தால் கண் வந்துவிடும். அதை மாட்டாமல் நிற்கிறேன். மை காயட்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

சம்மதம் இல்லாமல் ஓட்ட மாட்டேன் என்று சொன்னவள், முக்கால்வாசி ஓட்டிவிட்டேன். தோற்றுவிட்டால் பத்து வருடத்துக்கு நீட்டிப்பார்கள் அண்ணி. நேற்று அண்ணன் மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நடித்தான். அவன் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு.

உடனே எழுதுங்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 3

நாத்தனாருக்கு,

கறுப்பை மாட்டாதே.

அந்தப் படத்தைப் பார்த்தால் ஐயோ பாவம் என்பார்கள். ஓட்டும் போடுவார்கள். போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பாவப்பட்டவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். மே மாதம் அந்த அறைக்குள் கை தூக்கும்போது வெளியே யார் நிற்பார்கள்? எனக்கு ஓட்டு மட்டும் போதாது, நிற்கிற ஆட்கள் வேண்டும்.

உங்கள் தப்பைப் படித்துச் சிரித்தேன். பிக்பாக்கெட்டும் சிரித்தாள். வார்டன் வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனார். சாக்கடை டிபார்ட்மென்ட்! ஆனால் யோசித்துப் பார், மூன்று தடவை வந்தும் எதையும் விற்காதவர்கள் என்று ஒரு வார்டு முழுக்க நம்மைப் பற்றிப் பேசுகிறது. எந்தக் கட்சிக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்கிறது?

அதே வாசல்களுக்குத் திரும்பப் போ. இந்தத் தடவை உட்காராதே, நின்றபடி முதல் வாக்கியத்திலேயே கேள். நம்மால் கேட்க முடியும். கூச்சப்படாதே.

மாடிப்படியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அவனிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

கறுப்பு பிளேட்டை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, ஓட்ட மாட்டேன் என்றேன். "இவ்வளவு தாளையும் என்ன பண்றது? உன் கல்யாணத்துக்குத் தோரணம் கட்டவா?" என்று கத்தினார். தாளைத் திருப்பிப் போடுங்கள், பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றேன். பின்பக்கத்தில் கறுப்பு மட்டும் ஓட்டினோம். படம் இல்லை, எழுத்து மட்டும்: "உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் இப்போது ஒன்று கேட்கிறோம். ஆலைக் குத்தகைக்கு எதிராகக் கை தூக்க, பல் டாக்டருக்கு ஓட்டுப் போடுங்கள்." கீழே சின்னம். வார்டு முழுக்க ஒட்டிவிட்டோம். அதாவது அண்ணி, நம் வார்டில் எல்லாச் சுவரிலும் நீங்கள் இருக்கிறீர்கள், சுவரைப் பார்த்தபடி.

பொறுப்பாளர் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதை எவன் படிப்பான்?" என்றார். நின்று படித்தார்கள்.

திரும்பப் போனோம். முட்டிவலி அம்மா வீட்டில், "எங்களுக்கு உங்க ஓட்டு வேணும்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாக்கு உலர்ந்துவிட்டது. அந்த அம்மா, "அப்பாடா! இப்பவாவது கேட்டீங்களே. நீங்க வந்து வந்து சும்மா போறதைப் பார்த்து எங்களுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். எல்லா வாசலும் அப்படி இல்லை. "ஓ, இதுக்குத்தானா?" என்று சிலர் சாத்திக்கொண்டார்கள். அந்த 'இதுக்குத்தானா' வலித்தது. அந்தக் கதவுகள் நமக்கு இனித் திறக்காது. தேர்தலுக்கு நாம் கொடுத்த விலை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்துவிட்டோம். நூலிழையில்தான், எதிர்த்தரப்பு மறுபடி எண்ணச் சொல்லும் அளவுக்கு. நகரசபையும் நம் கட்சி கையில்தான்.

மறுநாள் பொறுப்பாளர் இனிப்போடு வந்தார். எனக்கு வார்டு ஆபீஸில் மேசை, நாற்காலி, என் பக்கம் திரும்பிய மின்விசிறி எல்லாம் உண்டாம். அப்புறம், "நடைபாதையைக் காலி பண்ணச் சொல்லும்மா. இப்ப நாமதான் ஆளுங்கட்சி. நமக்கு எதிரா நாமளே உட்கார்ந்தா சிரிப்பாங்க" என்றார். குத்தகையை நீட்டிக்கத் தலைமை முடிவெடுத்துவிட்டதாம். வேலைவாய்ப்பு போய்விடுமாம்.

என்ன செய்யலாம் என்று உங்களைக் கேட்கவில்லை. நேராக நடைபாதைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டம் பேசியது. அதே வாசல்களுக்கு மறுபடியும் போகிறோம். சபை கூடும் நாளில் அந்த அறையின் பார்வையாளர் வரிசைக்கு வரச் சொல்லி.

மேசையில் உட்காராத,
நாத்தனார்

ஏப்ரல் 28

நாத்தனாருக்கு,

சுவரைப் பார்த்தபடியா? நீ பொல்லாதவள். உன் அண்ணன் பார்க்க வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தான், சிரித்து முடித்ததும் வெகுநேரம் இருமினான்.

கொடியில் பாத்திரம் துடைத்தது தப்புத்தான். அது சரியாகத் துடைக்கவும் இல்லை.

ஜெயித்த செய்தி தெரிந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். கூச்சமாக இருந்தது. இரண்டு வருடமாகக் கட்சிகளைத் திட்டிய வாய். ஆனாலும் சந்தோஷப்பட்டேன், எழுதி வைத்துக்கொள்.

அந்த 'இதுக்குத்தானா' வீடுகளைக் கணக்கில் இருந்து அழித்துவிடாதே. குத்தகை விவகாரம் முடிந்த பிறகும் போய் உட்கார். எதையும் கேட்காதே.

அண்ணி

மே 12

அண்ணிக்கு,

நேற்று சபை.

முந்தின நாள் பல் டாக்டர் நடைபாதைக்கு வந்தார், சொன்னபடி. முகம் வெளுத்திருந்தது. கட்சித் தலைவர் மூன்று தடவை போன் பண்ணினாராம். அக்கா அவர் கையில் டீயைக் கொடுத்தார்.

பார்வையாளர் வரிசை நிறைந்து, படிக்கட்டும் நிறைந்தது. முட்டிவலி அம்மா படியேறி வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் என்று நினைத்தவர் வீட்டுக்காரியோடு வந்திருந்தார். அண்ணனும் வந்தான், ஒவ்வொரு படியாக. இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை, நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினான்.

ஆலையால் ஊருக்கு ஒரு கேடும் இல்லை என்று நகரசபைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். உலை தள்ளுகிறவர். அவரை நாங்கள் கூப்பிடவில்லை. அந்த வாசலில் மட்டும் கடைசிவரை எதையும் கேட்கவில்லை. "ஐயா, நான் அங்கதான் வேலை பார்க்கிறேன்" என்றார். வாயைத் திறந்து, விரலால் உதட்டை இழுத்துக் காட்டினார். அவ்வளவுதான். காவலர்கள் அவரை வெளியே கூட்டிப் போனார்கள். அவருக்குப் பின்னால் அவர் ஷிஃப்ட்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்களாகவே வெளியே நடந்தார்கள்.

பத்து வருட நீட்டிப்புக்குக் கை தூக்கச் சொன்னார்கள். ஆளுங்கட்சி வரிசையில் பல் டாக்டரின் கை மட்டும் மடியில் இருந்தது. அப்புறம் அவருக்குப் பக்கத்தில் ஒருவர், மேலே எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்தார். இன்னொரு அம்மா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். எண்ணினார்கள். பத்து வருடம் விழுந்தது.

உடனே வேறொரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆலையை இடம் மாற்ற ஒரு வருட அவகாசம். அது நிறைவேறியது, சில கைகள் வித்தியாசத்தில். அதிகமாகத் தூக்கியது பக்கத்து வார்டுகளின் உறுப்பினர்கள். புகை அவர்கள் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் மட்டும்தான் போகிறது.

மாலையே டாக்டரைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள், என்னையும். இனிமேல் சுயேச்சையாக உட்கார்ந்துகொள்வாராம். "ஒரு வருஷம் இன்னும் புகை" என்று நான் அழுதுவிட்டேன். அண்ணன்தான், "பத்துல ஒம்போது போச்சுல்ல? பஸ்ஸை ஒரே மூச்சில மலை ஏத்த முடியாதுடி, கியர் மாத்திப் போட்டுத்தான் ஏறணும்" என்றான்.

வக்கீல் சொன்னார்: புது சபை கூடிவிட்டதால் அந்த ஜாமீன் நிபந்தனைக்கு உயிர் இல்லை. நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாமல் வெளியே வரலாம். என்றைக்கு என்று எழுதுங்கள். கேட்டிலிருந்து எல்லோரும் வருகிறோம்.

நாத்தனார்

மே 17

நாத்தனாருக்கு,

வெள்ளிக்கிழமை காலை விடுகிறார்கள். யாரும் வர வேண்டாம். கூட்டம் வந்தால் கேமரா வரும், கேமரா வந்தால் பொறுப்பாளர் வருவார். உன் அண்ணனை மட்டும் அனுப்பு. பஸ்ஸில் வரட்டும், ஜன்னலோர சீட்டில். திரும்பும்போது அவன் படியேற நான் பின்னால் நிற்கிறேன்.

ஒரு வருடம் என்றால் நம் வார்டு மட்டும் போதாது. அவகாசத்தை நீட்ட மறுபடி ஒரு தீர்மானம் கொண்டுவருவார்கள், பக்கத்து வார்டுக் கைகள் மறுபடி எழும். அங்கே நமக்குக் கட்சியும் இல்லை, வட்டமும் இல்லை. அங்கே போய் உட்கார வேண்டும். ஆலையைப் பற்றிப் பேச வேண்டாம், முதலில் அந்த வீடுகளில் என்ன வலிக்கிறது என்று தெரிந்துகொள்வோம். பல் டாக்டர் சும்மாதானே இருக்கிறார், கூட்டிக்கொள்.

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பிக்கலாம். எந்தத் தெரு என்று நீயும் அக்காவும் பேசி முடிவு செய்யுங்கள். என்னைப் பார்த்ததும் யாரும் எழுந்து நிற்காத தெருவாகப் பாருங்கள். நான் வாசலில் போய் நின்றால், "யாரும்மா நீ, என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும்.

அண்ணி